முப்பத்திரண்டு பேருக்கு மட்டும்

மஞ்சள் ரேஷன் அட்டையில் நாங்கள் நான்கு பேர்.
பரணுக்குக் கீழே ஆணியில் தொங்கும்
வெள்ளைப் பெட்டியின் கணக்கில் முப்பத்திரண்டு.
அதற்குமேல் அது யாரையும் சேர்க்காது.

இது எனக்குத் தெரியவந்தது
இனியாளின் நேர்காணல் அன்று, காலை ஒன்பது ஐம்பதுக்கு.
புது லேப்டாப்
செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நிற்கும் விருந்தாளி மாதிரி
வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.
கடைசியில் என் போன் டேட்டாவில் பேசி முடித்தாள்.
வேலை கிடைக்கவில்லை.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவளே சொன்னாள்,
இரண்டு முறை.

ஞாயிற்றுக்கிழமை
ரூல் போட்ட நோட்டும் பென்சிலுமாக இறங்கினேன்.
முத்தியால்பேட்டையில் அந்தக் காலத்து வீடு,
முழங்கைத் தடிமனுக்குச் சுண்ணாம்புச் சுவர்.
ஐந்து கிகா அலை பாய்ந்து வந்து
கூடத்துச் சுவரில் முட்டி விழும்.
இரண்டு புள்ளி நான்குதான்
மூச்சு வாங்கிக்கொண்டே சமையலறைவரை வந்து சேரும்,
என் மச்சாண்டார் மாதிரி.

பெட்டி யாருக்கும் பேர் வைத்திருக்கவில்லை.
எண்ணும் எழுத்தும் நடுவில் முக்காற்புள்ளியும்.
ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு
திரையில் எந்த வரி மங்குகிறதென்று பார்ப்பதுதான் வழி.
டிவியை அணைத்தேன், ஏழாவது வரி போயிற்று.
அவர் படுத்திருந்த அறையின் ஏசி, பதினொன்று.
"வல்லி, வேர்க்குது."
"ரெண்டு நிமிஷம்."
பூஜை அறை பல்பு, நிறம் மாறுமாம்,
வாங்கிய நாளிலிருந்து மாற்றவேயில்லை.
மாடியில் குடியிருக்கும் பெர்னதெத்
மூன்று போன்களை நீட்டினாள்.
ஒன்று ஜிப்மர் டியூட்டிக்கு,
ஒன்று துலூஸில் இருக்கும் கணவருக்கு.
மூன்றாவது எதற்கென்று நான் கேட்கவில்லை.
டிவி அலமாரிக்குப் பின்னால்
சார்ஜரில் செருகியபடி ஒரு டேப்லட்.
டிசம்பரில் வந்த நாத்தனார் பையன் விட்டுப்போனது.
ஐந்து மாதமாக இருட்டில் கிடந்து
பிரெஞ்சில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குள்
முப்பத்தொருவருக்கு முகம் கிடைத்துவிட்டது.
மீதி ஒருவன்.
அதிகம் பேசமாட்டான்,
மணிக்கொரு தடவை ஒரே வார்த்தை, பிறகு கப்சிப்.
எதிர்வீட்டு மாடியை நினைத்தேன்.
மீன்காரம்மா நிற்கும்போது
பாஸ்வேர்டைத் தெருவுக்கே சொன்ன இவரை நினைத்தேன்.
'தடை செய்' என்றிருந்தது. அழுத்தினேன்.
சொல்லக்கூடாது, சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஆறரைக்கு
தலை நிறைய ஷாம்பு நுரையோடு
பெர்னதெத் படியில் நிற்கிறாள்.
"அக்கா, தண்ணி நின்னுபோச்சு."

மோட்டார் சுவிட்ச்.
எலக்ட்ரீஷியன் தேவநாதன்
"டேங்க் ரொம்பினா தானா நின்னுக்கும் மேடம்" என்று
தீபாவளிக்கு முன்னால் மாட்டிவிட்டுப் போனது.
மணிக்கொரு தடவை அவன் கேட்டது
"போதுமா?" என்றிருக்கலாம்.

தடையை எடுத்தேன்.
பேர் வைத்தேன்: மோட்டார், கைவைக்காதே.
டேப்லட் போன இடத்தில்
இனியாளின் லேப்டாப் உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலமே
நேரு வீதித் தள்ளுபடியில் வாங்கிய பெட்டியோடு இவர் வருகிறார்.
சொன்னால் பாடுமாம், மழை வருமா என்றும் சொல்லுமாம்.

"ஒரு பேர் எடுத்தாத்தான் ஒரு பேர் சேர்க்க முடியும்"
என்றேன், வழங்கல் துறை ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
உட்கார்ந்திருப்பவள் போல.

பதினெட்டாவது வரி என் கைக்கடிகாரம்.
ஞாயிறு மட்டும் பதினோராயிரத்து நானூறு அடி,
அத்தனையும் வீட்டுக்குள்ளேயே.
அதை எண்ணியது இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

இவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.
டிவியை, ஏசியை, பல்பை.
பிறகு என் மணிக்கட்டை.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.