பேசவும்

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
இருபத்தாறு வருஷம் கட்டு சுமந்தவன் நான்.
குமுதவல்லி மேடம் மேசைக்கு மட்டும்
ஒரு லாரி பாரம் கொண்டுபோய் வைத்திருப்பேன்.
சிவப்புத் துணி, வெள்ளை நாடா,
அவிழ்த்தால் ராமபாணப் பூச்சி.
மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான்
வாசிக்க ஆரம்பிப்பார்.

ராஜா வேண்டாம் அவருக்கு. போர் வேண்டாம்.
கச்சேரிக்குக் குமாஸ்தா எத்தனை மணிக்கு வந்தான்,
மைக்கூடு யார் செலவு,
சூளையில் சாக்கடை அள்ள அனுமதி கேட்ட தாள்
எந்தெந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது,
இதுதான் வேண்டும்.

அப்பா கலெக்டர் ஆபீஸ் தபேதார்.
மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை.
வீடு திரும்பியதும் பட்டையைக் கழற்றி
ஆணியில் மாட்டுவாராம்.
"ராத்திரியெல்லாம் அரசாங்கம்
எங்க வீட்டு ஆணியிலதான் தொங்கும்"
என்பார். சிரிக்கமாட்டார்.

ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தபோது
இது வரலாறு இல்லை என்றது ஒரு துறை,
வரலாறுதான் என்றது இன்னொரு துறை.
பதினோரு மாதம் அங்கும் இங்கும் போய்வந்தது மனு.
இரண்டு கடிதத்தையும் பத்திரப்படுத்தினார்.
முதல் ஆதாரம் கிடைத்துவிட்டது, இல்லையா?

அப்புறம் வந்தது அந்தக் கட்டு.
செங்கல்பட்டுப் பக்கம் ஏதோ ஏரி,
மதகு பழுதுபார்க்க நூற்றெழுபது ரூபாய்.
மணியக்காரர் எழுதியிருக்கிறார், தாசில்தார் எழுதியிருக்கிறார்,
ஏழு கை மாறி ஏறியிருக்கிறது தாள்.
ஓரத்தில் யாரோ ஒரு பெரிய அதிகாரி
இங்கிலீஷில் கிறுக்கியதை
மேடம் தமிழில் உரக்க வாசித்தார்:
பேசவும்.

அவ்வளவுதான்.
அடுத்த தாளில் தேதி நாலு மாதம் தள்ளி.
கரை உடைந்தது ஐப்பசியில்,
ஒப்புதல் வந்தது தையில்.

நடுவில் என்ன பேசினார்கள்?
அதற்கு என்னிடம் கட்டு இல்லை.

அன்று பிடித்தது அவருக்கு.
எந்தக் கோப்பு வந்தாலும் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார்.
பேசவும். பேசவும். நேரில் பேசவும்.
நோட்டில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.
கீழ்ப்பாக்கம், அண்ணா நகர் என்று
ஓய்வுபெற்ற அதிகாரிகள் வீட்டுக்கு
டேப் ரெக்கார்டரோடு ஏறி இறங்கினார்.
காபி கொடுப்பார்கள்,
மந்திரியோடு எடுத்த படம் காட்டுவார்கள்.
அந்தச் சொல்லைக் கேட்டதும்
எல்லோருக்கும் ஞாபகமறதி.
ஒருவர் மட்டும் யோசித்துச் சொன்னாராம்:
"மழையைப் பத்திப் பேசியிருப்போம்மா."

புத்தகமாக்கினார். முந்நூறு பிரதி.
பாதிக்குமேல் கட்டிலுக்கடியில் கிடந்து
இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர்த் தண்ணீரில் ஊறிப்போயின.
ஏரித் தண்ணீர்தானே, உரிமையோடு வந்திருக்கிறது என்றார்.

எரியூட்டிய அன்று
ஓட்டேரிக்கு வந்தவர்கள் பதினாலு பேர்.
நாலு பேர் எங்கள் ஆபீஸ்.

சொல்ல மறந்துவிட்டேன், பென்ஷன் கதையை.
ஓய்வுபெற்று ஒன்றரை வருஷமாகியும் பணம் வரவில்லை.
பணிக்காலத்தில் ஏதோ இடைவெளியாம்.
தகவல் உரிமைச் சட்டத்தில் தன் கோப்புக்கே நகல் வாங்கினார்.
நேரே என்னிடம் வந்து
மேசையில் விரித்து விரலை வைத்தார்.
பச்சை மையில், சாய்வான எழுத்தில்,
பேசவும்.

படிக்கும் கூடமே திரும்பிப் பார்க்கும்படி
சிரித்தார் அன்றைக்கு.
மறுநாள் காலை கோட்டைக்குப் போனார்.
இருபது நிமிஷம் உள்ளே இருந்தாராம்.
அடுத்த மாதம் ஒன்றாம் தேதி
பாக்கி முழுக்க வங்கியில் ஏறியிருந்தது.

"உள்ள என்ன மேடம் பேசினீங்க?"

கட்டின் நாடாவை இழுத்து
என்னைப்போலவே இரட்டை முடிச்சுப் போட்டார்.
கண்ணாடியைத் துடைத்தார்.

"ஏகாம்பரம்,
அந்த முப்பத்தொண்ணாம் வருஷத்துக் கட்டு
வந்துச்சா, இல்லையா?"