தாமதத்துக்குக் காரணம்

காலை ஒன்பதரைக்கு என்னிடம் ஒப்படைத்தார்கள்:
ஒரு சாவி,
அரக்கு வைத்த ஓர் உறை,
கெசியா தேவசித்தம் என்ற ஒரு மாணவி.
மூன்றுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

அவள் சபைக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள்.
வெள்ளி மாலை விழுந்த சூரியன்
மறுபடி விழும்வரை பேனா எடுக்கமாட்டாள்.
நானூறு பேர் பத்து மணிக்கு எழுதும் தாளை
அவள் இரவில் எழுதலாம்.
அதுவரை கைப்பேசி இல்லாமல்,
வெளியார் யாரோடும் பேசாமல்,
என் கண்ணெதிரே இருக்கவேண்டும்.
ஆறு கடிதம், இரண்டு கூட்டம், ஓர் ஆணை.

"ஒருத்திக்காக இவ்வளவா?" என்று
கூட்டத்தில் கேட்ட அதிகாரி
சனிக்கிழமைகளில் எல்லாக் கோப்பிலும்
ஒன்பதுக்கு முன்பே கையெழுத்திட்டுவிடுவார்.
ஒன்பது முதல் பத்தரை ராகுகாலம்.
அதற்கு இதுவரை ஆணை எதுவும் தேவைப்படவில்லை.

நோட்டைப் புரட்டலாம், விதியில் இடமுண்டு என்றேன்.
"அதுவும் வேலைதானே மேடம்."
பைபிளைத் திறந்தாள், மூடினாள்.
மேசையில் யாரோ காம்பஸ் முனையால் கீறிய பெயர்களை
விரலால் தடவிப் படித்தாள்.
ஒரு மணிக்கு, நேற்றே சமைத்த புளிசாதத்தில் பாதியை
டப்பா மூடியில் வைத்து
என் பக்கம் தள்ளினாள்.
இதற்கு விதி இருக்கிறதா என்று நான் தேடவில்லை.

வாசலில் ஸ்டூல் போட்டு மஸ்தான் ஷெரீப்,
தேர்வுப் பிரிவு உதவியாளர்.
பதினெட்டாம் நோன்பு.
தண்ணீர்க் குடத்தை எங்கள் பக்கம் நகர்த்திவிட்டுச்
சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.
எந்த விரதமும் இல்லாத நான்
பிளாஸ்க் காப்பியைத் திறக்காமல் வைத்திருந்தேன்,
மூன்று மணிவரை.
அப்புறம் குடித்தேன்.
இருவரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

நான் இயற்பியல் என்பதால் வந்த பணி இது.
'அஸ்தமனம் என்பது சரியாக எத்தனை மணி?'
என்று துறைக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது.
என் பதிலை யாரும் முழுக்கப் படிக்கவில்லை:
அடிவானத்தில் நாம் பார்க்கும் கடைசிச் சூரியன்
அங்கே இல்லை;
ஏற்கெனவே இறங்கிவிட்டதைக்
காற்று வளைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது.
6.21 என்று தட்டச்சு செய்து முத்திரை குத்தினார்கள்.

இந்த ஊரில் சூரியன் கடலில் எழும்.
விழுவது
திருவல்லிக்கேணி மாடிகளின்
தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால்.
ஆறு மணிக்கே மூவரும் மேற்கு ஜன்னலுக்கு வந்துவிட்டோம்.
மேகம். ஒன்றும் தெரியவில்லை.
சுவர்க் கடிகாரம் 6.21.
என் கைக்கடிகாரம் 6.19.
மஸ்தான் கடிகாரம் பார்க்கவில்லை,
காதைச் சாய்த்து நின்றார்.

உறை பிரிக்கச் சாட்சி வேண்டும்.
கத்தரியை நீட்டினேன்.
வலது கையில் அதை வாங்கிக்கொண்டார்,
இடது கையில்
காகிதத்தில் மடித்த ஒரு பேரீச்சம்பழம்.
அப்போது பாங்கு.

"அண்ணன் முதல்ல நோன்பு தொறக்கட்டும்."
தன் பாட்டிலைத் திருகிக் கொடுத்தாள் கெசியா.
"ஒனக்கு நேரம் போவுதும்மா."
"காலைலேர்ந்து போய்க்கிட்டுதானே இருக்கு."
அவர் முதல் மிடறு விழுங்கியது
காலி நாற்காலிகள் நாற்பதுக்கும் கேட்டிருக்கும்.

பிறகு அரக்கு உடைந்தது.
முதல் கேள்வியைப் பார்த்ததும் அவள் உதட்டைக் கடித்தாள்.
தெரியாத கேள்விதான் போல.

அறிக்கைப் படிவத்தில்
'தொடங்கிய நேரம்': 6.26.
'தாமதத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில்
'சூரியன்' என்று எழுதினேன்,
அடித்தேன்.
'கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை' என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை.

எட்டே கால் இருக்கும்.
பள்ளிவாசலிலிருந்து யாரோ கொண்டுவந்து
படியில் வைத்துவிட்டுப் போன தூக்குவாளியில்
கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.
மின்விசிறிக்குக் கீழே தாள் படபடக்க,
தலை நிமிராமல்
கெசியா கையைத் தூக்கினாள்.
கூடுதல் தாள்.