பத்தாம் நிரல்

முழங்காவில் பங்கு அலுவலகத்துக் கதவில்
நான்தான் ஒட்டினேன்:
ஓலை வாசிக்க ஆறு கிழமைக்கு முன் வரவும்.
ஞானஸ்நான அத்தாட்சி கட்டாயம்.
நன்மை, வேதக்காரருக்கு மட்டும்.
பசை காய முன்னம் கீழ்மூலையை
ஆடு கடித்துவிட்டது.

மெரிஸ்ரெலாவிடம் அத்தாட்சி இல்லை.
பதிவேடு இருந்த அலுமாரி இல்லை,
அலுமாரி இருந்த அறையும் இல்லை.
"சாட்சி ஒருவர் போதும்" என்றார் சுவாமி.

ஞாயிறு பூசைக்கு வந்தா நாகபூசணி அம்மா,
அக்கராயன் ஆஸ்பத்திரியில் மருத்துவமாதாய் இருந்தவ.
நெற்றியில் திருநீறு.
நன்மைக்கு வரிசை எழும்பத் தானும் எழும்பி
அறிவித்தல் கேட்டுத் திரும்ப இருந்தா.
அந்த வாங்கில் அவவும்
ஆரோ விட்டுப்போன ஹெல்மெட்டும்.

பிறகு, தேத்தண்ணி ஆற ஆறச் சொன்னா:
"கிபிர் சுத்தின மத்தியானம். பங்கர்.
ஏழு மாதப் பிள்ளை, நீலம் பாரிச்சுக் கிடக்கு.
தாய்க்கு நினைவில்லை.
வேதக்காரப் பிள்ளை, சும்மா விடப்படாதெண்டு
சேலைன் போத்தலுக்குள்ள இருந்த கிணத்துத் தண்ணியை
மூண்டு தரம் தலையில வாத்தன்.
பிதா, சுதன்...
மூண்டாவது பேர் வாயில வரேல்லை.
மூலைக்குள்ள இருந்த பொடியன் ஒருத்தன்தான்
எடுத்துத் தந்தவன்."

சுவாமி பேனையை மூடினார், திறந்தார்.
தடித்த புத்தகத்தில் ஒரு பக்கம் தேடினார்.
"செல்லும்."

புதுப் பதிவேடு, பத்தாம் நிரல்:
ஞானஸ்நானம் கொடுத்தவர்.
அச்சிலிருந்த "வண." என்பதை
ஒரு கோட்டால் வெட்டி எழுதினேன்,
க. நாகபூசணி.

செருப்பைக் கொழுவிக்கொண்டே
கதவுத் தாளை வாசித்தா.
"கலியாணத்துக்கு வெளியாக்கள் வரலாமோ, பிள்ளை?"

ஆடு கடித்த மூலையில் என்ன இருந்ததென்று
எனக்கே மறந்துபோச்சு.