முன்னமே வெட்டிய முகத்துவாரம்

பிள்ளையாரடி, மூன்றாம் மாடி.
நெற்றிப்பொட்டில் பசை தடவி
றிஸ்மியா ஒரு குழலை அழுத்திப் பிடித்தாள்.
பெட்டிக்குள்ளிருந்து சத்தம்:
ஷ்ரூ, ஷ்ரூ, ஷ்ரூ.
"என்ன புள்ள இது?"
"உங்கட ரெத்தம்தான். மூளைக்குப் போற வழி."
ஈர்க்குத் தடிப்புள்ள குழாயாம்.
கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.
இருபத்தொரு வருடம் பெக்கோ ஓட்டுகிறவன்,
முகத்துவாரத்து மண்ணை ஒன்பது தடவை வெட்டியவன்;
ஒடுங்கிய வாய்க்குள் ஓடும் தண்ணீரின் சத்தம்
எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் வரவேண்டும்.
ஒரு நாள் வெறும் மாக்குளிசை,
ஒரு நாள் குழாய்களை விரிக்கும் குளிசை.
எது எந்த நாள் என்று
டொக்டர் திலோஜினிக்கும் தெரியாது.
நாளுக்கு மூவாயிரம் ரூபாய், ஒரு சோற்றுப் பார்சல்.
கையொப்பம் வைத்தேன்: க. பேரின்பராசா.

முதல் நாள்.
மூக்கில் கவ்வி, வாயில் றப்பர்,
பைக்குள் காபனீரொட்சைட்டு.
வெளியே விட வேண்டியதை
உள்ளே இழுக்கச் சொன்னார்கள்.
மணமில்லை. நிறமில்லை.
இரண்டு நிமிடத்தில் நெஞ்சு
யாரையோ துரத்திக்கொண்டு ஓடத் தொடங்கியது,
கால்கள் கட்டிலில் நீட்டிக் கிடக்க.
பெட்டியின் சத்தம் பெருத்தது.
அறுபத்திரண்டு, எழுபது, தொண்ணூற்றொன்று.
றிஸ்மியா வாசித்தாள்,
நீர்மட்டம் வாசிக்கிறவர்களின் குரலில்.
"இந்தக் காத்து கூடினா மூளை
தன்ட குழாய்களத் தானே அகட்டும்,
கழுவி அனுப்ப" என்றார் டொக்டர்.
அப்படியா?
கச்சேரியில் கூட்டம் வைக்காமல்,
வெட்டு என்கிற வயற்காரருக்கும்
வெட்டாதே என்கிற இறால்காரருக்கும் நடுவில்
எந்த அதிகாரியும் தலையைச் சொறியாமல்
எனக்குள் ஒரு வாய் தானாகத் திறக்கிறது.
பெருமையாக இருந்தது.
மூச்சுமுட்டல் பத்துக்கு எத்தனை என்று கேட்டார்கள்.
விரல்களால் ஏழு காட்டினேன்.

ஒரு கிழமை கழித்து இரண்டாம் நாள்.
குளிசை விழுங்கி முக்கால் மணிக்குள்
முகம் சுட்டது, காதுமடல் கூட.
தலைக்குள் யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
இனி இரகசியமில்லை,
ஆனாலும் ஒருவரும் பேசவில்லை.
பையைத் திறக்கும் முன்னமே சத்தம் மாறியிருந்தது:
எழுபத்தாறு.
மறுகா காற்று வந்தது.
அதே துரத்தல், அதே நெஞ்சு.
எழுபத்தேழு. எழுபத்தொன்பது. எண்பது.
றிஸ்மியா குழலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள்.
எண்பது.

"ஏலவே விரிஞ்ச குழாய் இன்னும் என்னத்த விரியிற?"
டொக்டர் தனக்குள் சொன்னார், சந்தோசமாக.
அவருக்கு வேண்டிய விடை அதுதான் போல.

எனக்கு அந்த வருடம் ஞாபகம் வந்தது.
ஐப்பசியிலேயே வெட்டச் சொன்னார்கள், வெட்டினோம்.
திட்டு கரைந்தது; கடல் வாவிக்குள் எட்டிப் பார்த்தது.
மார்கழியில் அடித்தது மழை.
எதை வெட்டுவது?
பெக்கோவில் ஏறி உட்கார்ந்திருந்தேன்,
கையில் பிடி, முன்னால் தண்ணீர்.
அளவுகோலோடு வந்தவர்
"வாய் அகலவில்லை" என்று எழுதிக்கொண்டு போனார்.
உண்மைதான், ஒரு முழமும் அகலவில்லை.
மழை மட்டும் அதே மழை.
வெல்லாவெளிப் பக்கம் பயிர்
கழுத்தளவு தண்ணீரில் நின்றது.

"பத்துக்கு எத்தின, அண்ணன்?"
றப்பரைக் கடித்தபடி
ஏழு விரல் காட்டினேன்.
டொக்டரின் சிரிப்பு கொஞ்சம் நின்றது.
"அண்டைக்கும் ஏழுதானே?"
ஓம் என்று தலையாட்டினேன்.
முதல் நாளின் தாளைத் தேடி எடுத்து
இரண்டையும் பக்கத்தில் வைத்தார்.
மூச்சைக் கேட்கிற இடம் வேறு என்று
ஏதோ தொடங்கி, விட்டுவிட்டார்.

கவ்வியைக் கழற்றினார்கள்.
பார்சலில் கணவாய்க் கறி.
தலையிடி போகவில்லை.
திருகோணமலை வீதி வெய்யிலில்
நெற்றியில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டு
பஸ்ஸுக்கு நின்றேன்.
நாளைக்கு பெக்கோவுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும்.