ப்ரெண்டிஸின் ஐந்தாம் நாள்

நகலெடுத்த பக்கங்களில் ஐந்தாம் நாள் மட்டும்
மங்கலாக விழுந்திருந்தது.
கொழும்புக் கடையில் மெஷினுக்கு மை தீர்ந்துகொண்டிருந்ததாம்.
ஆக, ஹல்துமுல்லவுக்கு மேலே
லெப்டினன்ட் ப்ரெண்டிஸ் வழி தவறிய அதே இடத்தில்
எங்களுக்கும் எழுத்து தெரியவில்லை.

துலக்‌ஷனாவின் கையில் திணைக்களத்துக் கருவி,
வானத்தைக் கேட்டுக் கேட்டு எண் சொல்வது.
அருள்ஞானத்தின் பையில் பதினெட்டு ரொட்டி, கட்டைச் சம்பல்,
அட்டைக்கு ஒரு சவர்க்காரக் கட்டி.
என்னிடம் நாட்குறிப்பு:
‘வடக்கே மலை சுவர்போல் நிற்கிறது. மனிதர் ஏற இயலாது.
பெர்தா களைத்துவிட்டாள்.’
பெர்தா அவனுடைய கோவேறு கழுதை.

மனிதர் ஏற இயலாத சுவரில் இப்போது
நாலாம் நம்பர் மலை.
முதல் திருப்பத்தில் நாங்கள் மூச்சுக்கு நின்றபோது
படங்கு கட்டிய பெண்கள்
அரைக் கூடை கொழுந்தோடு தலைக்கு மேலே தெரிந்தார்கள்.
“எங்க டீச்சர், இந்தப் பக்கம்?”
இருநூறு வருசத்துக்கு முந்தி ஒருத்தர் போன பாதை,
அதைத் தேடிப் போகிறோம் என்றேன்.
“அவரு போய்ச் சேந்தாரா?”
யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் கருப்பந்தைலக் காடு.
பட்டை உரிந்து தொங்கும் வெள்ளை மரங்கள்,
தடிமன் பிடித்த மூக்கைத் திறக்கும் காற்று.
இந்த வாசனை ப்ரெண்டிஸுக்குத் தெரியாது.
மரம் அவனுக்கு ரொம்பப் பின்னால்
ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தது.
வந்த மரத்துக்கு எவரும் நாட்குறிப்பு எழுதவில்லை.
வேர் விட்டது, அவ்வளவுதான்.

பத்தரைக்குப் பனி இறங்கியது.
முன்னால் போகிற துலக்‌ஷனாவின் சிவப்புப் பை மட்டும் தெரிந்தது,
பிறகு அதுவும் இல்லை.
‘தண்ணீர் இல்லை. நாக்கு தோலாகிவிட்டது’
என்று இங்கேதான் எழுதியிருக்கிறான்.
நின்று கேட்டோம்.
இடது பக்கம், கூப்பிடு தூரத்தில்,
பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.
அந்தச் சத்தம் அன்றைக்கும் இருந்திருக்கும்.
பதினோரு சுமைகாரரில் ஒருவனாவது கேட்டிருப்பான்.
சொல்ல எந்த மொழி, யாரிடம்?
அடுத்த வரி: ‘ஒருவன் பள்ளத்தில் விழுந்தான்.
அழுத்தமானி உடையவில்லை, கடவுளுக்கு நன்றி.’

கருவி எங்களை ஒரு பாறைக்குள்ளே நடக்கச் சொன்னது.
அப்போதுதான் பனியைக் கிழித்துக்கொண்டு அவர் வந்தார்,
தோளில் நீல நிற கேஸ் சிலிண்டர்,
காலில் செருப்பில்லை.
எங்கே போக வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.
“ஸ்டேசனுக்குத்தானே, பின்னாலேயே வாங்க.”
மானாப் புல்லுக்குள் ஒரு குறுக்கு,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் டொபித் தாள் போட்டுப் போட்டு
அடையாளம் வைத்த பாதை.
பாதி வழியில் நின்று சிலிண்டரைத் தோள் மாற்றினார்.
கான் ஓரமாய்க் கையை நீட்டி மேலே காட்டிவிட்டு
லயத்துப் பக்கம் இறங்கிப் போனார்.
ஐந்து நாள் சுவர்
நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இதல்கஸ்ஹின்ன ஸ்டேசன் பெஞ்சில்
கணுக்கால் ரத்தத்தைத் துடைத்தபடி
அன்றைய குறிப்பை எழுதினேன்.
கழுதைக்குப் பெயர் வைத்தவன்
பதினோரு பேருக்கும் எண்ணிக்கை மட்டும் வைத்தான் என்று
கோபமாக, நன்றாகவே, ஒரு பக்கம்.
அடுத்த பக்கத்தில்:
‘கேஸ் சிலிண்டர்காரர் வழி காட்டினார்.’

பேனா அங்கேயே நின்றது.
“பேர் கேக்கலையா?” என்றேன்.
“நீங்க கேட்டிருப்பீங்கன்னு...” என்றான் அருள்ஞானம்.
துலக்‌ஷனா கருவியைத் திருப்பிக் காட்டினாள்.
அவர் தோள் மாற்றிய இடம் பதிவாகியிருந்தது,
உயரம் ஆயிரத்து ஐந்நூற்று எழுபது மீட்டர்,
மூன்று மீட்டர் பிழைக்குள் துல்லியம்.
புள்ளி நாற்பத்தொன்று.

ரயில் இருபது நிமிடம் தாமதம் என்றார்கள்.
கடைசி ரொட்டியை வாயில் அடக்கிக்கொண்டு
அருள்ஞானம் தண்டவாளத்தைத் தாண்டினான்,
எந்த லயத்துக்கு இன்றைக்கு கேஸ் வந்ததென்று விசாரிக்க.
படங்குகளுக்குள்ளே அவன் தலை இறங்கி மறைந்தது.

ரயில் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.