பானையின் மட்டம்

போகும்போது என் காருக்கு வயர் கொழுவிவிடு
என்று சுகிர்தா சொல்லியிருந்தாள்.
செவ்வாய் இரவு, வேலைக்கு ஓடும் அவசரம்,
மறந்துபோனேன்.
வின்னிபெக்கில் அது சின்னப் பிழை இல்லை.
மைனஸ் முப்பத்து நாலு.
காலை ஏழு மணிக்கு பஸ்ஸிலிருந்து
ஒரு படம் அனுப்பினாள்:
அவளுடைய கண்ணிமை, அதில் பனி.
எழுத்து ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து கதை இல்லை.
அவளுக்குப் பகல் வேலை, எனக்கு இரவு.
கோபித்துக்கொள்ள வசதியான வீடு.

புதன் பின்னேரம் சூப் வைத்தேன்.
சமாதானத்துக்கு என்று சொல்லமாட்டேன்.
பசித்தது.

இறைச்சிக்கடை போடானிடம்
உள்ளி போட்டுப் புகையூட்டிய சொசேஜ்
எவ்வளவு வேண்டும் என்று கையால் முழம் போட்டுக் காட்டினேன்,
மல்லிகை வாங்குவதுபோல.
அவன் சிரிக்காமல் வெட்டித் தந்தான்.

வட்டமாக நறுக்கி வெறும் சட்டியில் போட்டால்
அதுவே தன் கொழுப்பை விடும்.
ஓரம் சுருண்டு, குட்டிக் கிண்ணங்களாகி,
ஒவ்வொன்றும் தன் நெய்யைத் தானே ஏந்திக்கொண்டு நிற்கும்.
அதை அள்ளிவைத்துவிட்டு
அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம், செலரி,
ஒரு கரண்டி மா,
பிறகு தண்ணீர், தோலோடு உருளைக்கிழங்கு.
வெந்ததும் பாதியை அகப்பையால் நசித்தேன், தடிக்கட்டும் என்று.
மற்றப் பாதியை விட்டேன், பல்லுக்கும் வேலை வேண்டும்.
சொசேஜைத் திரும்பப் போட்டு,
கடைசியில் பால்.
இரண்டு செத்தல் மிளகாயும்,
போடான் பார்த்தால் என்ன நினைப்பானோ.

வியாழன் காலை வேலையால் வந்து
ஃபிரிட்ஜில் மூடியைத் தூக்கினால்
மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.
கடிதம் வந்த மாதிரி.
வாசித்தேன்: சாப்பிட்டிருக்கிறாள்.
தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள்.
என்னுடையது நேற்று வைத்த இடத்திலேயே
காய்ந்து கிடந்தது.
அதையும் வாசித்தேன்.

நான் இரண்டு அகப்பை. இரவு அவள்.
குளிரக் குளிர அது இறுகி
கரண்டி நட்டால் நிற்கும் பதம்.
வெள்ளி காலை பார்த்தால்
யாரோ தண்ணீர் விட்டு இளக்கியிருக்கிறார்கள்,
மிளகும் இடித்துத் தூவியிருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ.
வீட்டில் இரண்டு பேர்.

சனி காலை அடியில் கொஞ்சம் சாறு,
ஒரு கிழங்குத் துண்டு,
ஒரே ஒரு சொசேஜ் வட்டம்.
நான் தொடாமல் போய்ப் படுத்தேன்.
மத்தியானம் எழும்பிப் பார்த்தால்
கிழங்கு இல்லை.
வட்டம் மட்டும் பானை நடுவில் கிடந்தது,
சபை முன்னால் நிறுத்திவைத்த சாட்சி போல.

அன்று இருவருக்கும் லீவு.
அவள் மேசையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.
நான் புதுக் கிழங்கு வெட்டினேன்,
மீதி அரை முழத்தையும் நறுக்கிப் பொரித்து
பழைய அடியோடு சேர்த்தேன்.
கிண்டியபோது அந்தக் கடைசி வட்டம்
எது என்று தெரியாமல் போயிற்று.

அவள் எழும்பி வந்து, கேட்காமல்
அகப்பையில் அள்ளி ஊதிக் குடித்தாள்.
"உப்புக் கூடிட்டுது."

நான்கு நாளில் முதல் சொல்.
உண்மையில் நான் உப்பே போடவில்லை,
சொசேஜில் இருப்பது காணும் என்று விட்டிருந்தேன்.
வாய்வரை வந்தது.
"ஓம்," என்றேன்.
இன்னொரு கிழங்கை வெட்டிப் போட்டேன்.

அது வேகும் நேரத்தில்
ஜாக்கெட், தொப்பி, இரண்டு சோடி கையுறை,
வயர் கொழுவ வெளியே போனேன்.
மூக்குமயிர் விறைத்தது.
அவளுடைய கார்: செம்மஞ்சள் வயர் ஏற்கனவே கொழுவியிருந்தது.
பக்கத்தில் என்னுடைய வான்: அதுவும்.

கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு இரண்டையும் பிடுங்கி
மறுபடி கொழுவினேன்,
இவ்வளவு தூரம் வந்தாயிற்று,
எனக்கும் ஒரு வேலை வேண்டாமா.