காற்று எதில் நிற்கும்

முதலில் துடைக்க வேண்டும்.
ரிம்மின் உள்பள்ளத்தை, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால்,
ஊசி போடுமுன் தோலைத் துடைப்பதுபோல.
அது என் தொழில்.
ஒரு நாளைக்கு அறுபது கை, அறுபது நரம்பு.

அயனாவரம், மூன்றாவது மாடி, இரவு பத்து.
ஹாலில் விரித்த நாளிதழ்மேல்
சக்கரமில்லாமல் கவிழ்ந்து கிடக்கிறது சைக்கிள்.
உருவியெடுத்த ட்யூபில் பதினொரு ஒட்டு.
ஒன்று மெட்ரோ வேலை நடக்கும் ஓட்டேரியில்.
ஒன்று மழை வடிந்த மறுநாள் புரசைவாக்கத்தில்.
மற்ற ஒன்பதுக்கு ஊர் ஞாபகமில்லை.

மஞ்சள் டேப்பை விறைப்பாக இழுத்துக்
கட்டைவிரலால் அழுத்த
ஸ்போக் துளைகள் ஒவ்வொன்றாகக் கண்மூடின.
ஓரிடத்தில் சுருக்கம். பிரித்தேன்.
இரண்டாம் முறை வேறிடத்தில் சுருக்கம்.
மூன்றாம் முறை கரண்ட் போனது.
மெழுகுவத்தியில் காய்ச்சிய ஊக்கால்
வால்வுக்கு ஓட்டை போட்டேன்.

பிறகு பம்ப்.
எத்தனை அடி என்று தோள்பட்டைக்குத்தான் தெரியும்.
டயர், ஓரம் பிரித்து இளித்துக்கொண்டிருந்தது.
அடித்த காற்றெல்லாம்
அந்த இளிப்பு வழியே போனது.

காலையில் பின்சக்கரத்தைத் தோளில் மாட்டி
டேங்க் ரோட்டு பங்ச்சர் கடைக்குப் போனேன்.
'ட்யூப் எங்கக்கா?' என்றான் இதயத்துல்லா.
'கிடையாது.'
'அப்ப காத்து எதுல நிக்கும்?'
நல்ல கேள்வி.
தொட்டித் தண்ணீரைப் பார்த்தபடி
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம்.
ஓரமெங்கும் சோப்பு நுரை தடவி,
வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டு,
கம்ப்ரசர் குழாயைப் பொருத்தினான்.

டப்.
மறுபக்கம் இன்னொரு டப்.

எதிர் டீக்கடையில் ஒரு ஆற்றல் அந்தரத்தில் நின்றது.
'காத்துக்கு அஞ்சு ரூபா.
சத்தத்துக்கு ஒண்ணும் வேணாம்.'
ஐந்து ரூபாய் பெறப்பட்டது என்று
தெருவுக்கே அறிவித்தது பெட்டி.

வீட்டில், அறுபது மில்லி சிரிஞ்சில் ரப்பர் பால்.
அமோனியா வாடை.
பகலெல்லாம் உறிஞ்சியெடுப்பவள்
இங்கே செலுத்துகிறேன்.
மறுபடி காற்றடித்து, சுழற்றி, சாய்த்து,
இடமும் வலமும் கிடத்தி வைத்தேன்.
ஓரத்தில் நுரைத்த குமிழிகள்
சண்டை ஓய்ந்த வீடுபோல அடங்கின.

முன்சக்கரம் வீட்டிலேயே என்று வீம்பு.
டயரை மொட்டைமாடி வெயிலில்
ஒரு மணி நேரம் போட்டேன். வழிக்கு வந்தது.
பெட்டி கட்டும் பெல்டால் நடுவில் இறுக்கி
மூச்சுவிடாமல் அடித்தேன்.
வெடித்த சத்தத்தில்
கீழ்வீட்டு ஹெப்சிபா ஓடி வந்தாள்,
கையில் மாவு சொட்டும் கரண்டி.
'சிலிண்டரா?'
சக்கரத்தைக் காட்டினேன்.
நம்பாமல் டயரை ஒரு அழுத்து அழுத்தினாள்.
இன்னொரு அழுத்து.
பிறகுதான் திட்டினாள்.

வியாழன் இரவு ஷிப்ட் முடிந்து வந்தேன்.
வழியில் ஒன்றும் ஆகவில்லை.
மறுநாள் துடைக்கும்போது டயரில் ஒரு வெள்ளைப் புள்ளி,
கடுகளவு, காய்ந்திருந்தது.
எங்கே குத்தியது, எது குத்தியது?
எனக்குச் சொல்லாமலே முடிந்துவிட்டிருக்கிறது.

உறைதல் எனக்குப் புதிதல்ல.
'தானா நின்னுடுமா, சிஸ்டர்?' என்பார்கள்,
முழங்கையை மடக்கியபடி.
அழுத்திப் பிடிங்க என்பேன், அடுத்த பெயரைக் கூப்பிடுவேன்.
நின்றதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

பாலும் வற்றும்.
சித்திரை வெயிலில் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம்.
சக்கரத்தைக் கழற்றிக் காதோரம் குலுக்கிப் பார்க்க வேண்டும்,
மார்க்கெட்டில் தேங்காய் பொறுக்குவதுபோல.
களக் என்றால் இருக்கிறது.

இப்போது குலுக்குகிறேன்.
மேல்வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது.
அது நிற்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்,
காதில் சக்கரத்தோடு.